இருபத்து நான்காம் வீட்டுக்கு அப்பால்

கதவைத் திறந்தபோது அவள் செருப்பைக் கழற்றி வெளிச்சுவரோரம் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சொப்பிங் பை. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை வந்து, அங்கே பஸ் மாறி, வெள்ளவத்தைச் சந்தையடியில் இறங்கி, நல்ல வெயிலில் கடற்கரைப் பக்கம் நடந்து வந்திருக்கிறாள். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. அது வேலை செய்கிற நாட்களைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருப்பது.

மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கியதும் கேட்டாள்.

"டீச்சர், என்னைய தெரியுதா?"

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவளுடைய இடது புருவத்துத் தழும்பைக் கண்டேன். அந்தத் தழும்புக்குக் காரணம் நான். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஏழு. மாங்காய்க்கு எறிந்த கல் மாமரத்தை விட்டுவிட்டு அவளைத் தேடிப் போனது.

"பவளம்" என்றேன்.

உள்ளே வந்து கதிரையின் நுனியில் இருந்தாள். பால் விடாத பிளேன்ரீ ஊற்றட்டுமா என்று கேட்டதற்குப் பிறகு பார்ப்போம் என்றாள். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். எங்கள் ஊர்ச் சங்கம் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வெளியிட்ட மலர். நான்தான் தொகுப்பாசிரியர். ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.

"இந்த வரி நீங்க எழுதினதுங்களா?"

கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தேன். 'முதலில் குடியேறியவை இருபத்து நான்கு குடும்பங்கள். இருபத்து நான்காம் வீட்டுக்கு அப்பால் காடு.'

நான் எழுதியதுதான். எழுதி முடித்து எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டதும் நினைவிருக்கிறது.

"காணி ஒபீஸ்ல இதத்தான் காட்டுறாங்க, டீச்சர். எங்கண்ணே முருகையா குடியிருக்கிற காணி அந்தக் காலத்துல காடாம். நாங்க பின்னால வந்து புடிச்சமாம். உங்க ஊர்க்காரங்களே எழுதியிருக்காங்களேன்னு கேக்குறாங்க. அண்ணனுக்குப் பதில் சொல்லத் தெரியல. வாற வியாழக்கிழம காணிக் கச்சேரி."

காணிக் கச்சேரி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்கள் மிருதங்கத்தைத் தேடவேண்டாம். அதிகாரிகள் மேசை போட்டிருந்து, எந்தக் காணி யாருக்கு என்று விசாரித்துத் தீர்க்கும் நாள் அது. அன்றைக்குப் பெயர் ஏறினால் காணி, ஏறாவிட்டால் இல்லை. முருகையாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த அரை ஏக்கரையும் கிணற்றையும் விட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை.

என்னுடைய அழகான வரி ஒரு மனிதரின் கிணற்றைத் தூர்க்கப் போயிருக்கிறது.

ஐந்தாம் வாய்க்கால்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஊரின் பெயரை எழுதவில்லை என்று வாசகர்கள் இரண்டு பேர் குறைபட்டிருந்தார்கள். எழுதாததற்குக் காரணம் பெயர் என்று ஒன்று இல்லாததே. வன்னியில் ஒரு குளம், அந்தக் குளத்திலிருந்து இறங்குகிற வாய்க்கால்களில் ஐந்தாவது. ஆகவே ஊரும் ஐந்தாம் வாய்க்கால். கடிதங்கள்கூட அந்த முகவரிக்குத்தான் வரும்.

யாழ்ப்பாணத்தில் காணியில்லாதவர்களை அழைத்து, வயலும் மேட்டுக்காணியும் ஒரு சின்ன ஓட்டு வீடும் அரசாங்கம் கொடுத்த காலம். அப்பாவுக்கும் பெர்மிட் கிடைத்தது. உறவினர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். நுளம்பு, காய்ச்சல், யானை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பொறுப்பெடுத்துச் சொன்னார்கள். அம்மா லொறியில் ஏறியதிலிருந்து ஆனையிறவு தாண்டும்வரை அழுதா. அதன் பிறகு பசி வந்து, கட்டிக்கொண்டு வந்த புட்டைப் பிரித்தா.

வீடுகளுக்கு இலக்கம் குளக்கட்டுப் பக்கமிருந்து தொடங்கும். முதலாம் வீடு தலைவாய்க்காலில். எங்களுடையது இருபத்து நான்கு, கடைசி. தண்ணீரும் எங்களுக்குக் கடைசியாகத்தான் வரும், ஊர்ச் செய்தியும் அப்படியே.

நாங்கள் போய் இறங்கியபோது காணி வெட்டித் துப்புரவாக்கப்பட்டிருந்தது. கருகிய அடிக்கட்டைகள் ஒன்றிரண்டில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. அந்த மணம், பச்சை மரம் எரிந்த மணம், இன்றைக்கும் காலி வீதியில் யாராவது குப்பை எரித்தால் எனக்கு வரும்.

காட்டை யார் வெட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை, அவர்கள் வேலிக்கு அப்பால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலுக்குப் புல் வேய்ந்த ஏழு குடில்கள். கொந்தராத்துக்காரர் ஒருவர் காடு வெட்டுவதற்காகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கூட்டி வந்த ஏழு குடும்பங்கள். வேலை முடிந்ததும் கொந்தராத்துக்காரர் போய்விட்டார். இவர்கள் போகவில்லை. தோட்டத்து லயத்துக் காம்பராக்களில், அந்த வரிசை அறைகளில், அதற்குள் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்.

முதலாவது குடில் பவளத்தின் தகப்பன் ராமையாவினுடையது. எங்கள் கிணற்றடிக்கும் அவர்கள் அடுப்புக்கும் நாற்பது அடிதான் இருக்கும். பின்னேரங்களில் ரொட்டி சுடுகிற வாசம் வரும். நான் வேலியடியில் போய் நிற்பேன். ஒரு துண்டு கிடைக்கும், கட்டைச் சம்பலோடு. அம்மா பல நாள் உறைப்புக்குக் கண் கலங்கிய என்னைக் கண்டு, எங்கே தின்றாய் என்று கேட்டதுண்டு. நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆக, பழக்கம் அந்த வயதிலேயே தொடங்கிவிட்டது. வேலிக்கு அப்பால் போய்த் தின்பது, பிறகு அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது.

சாவு சொல்கிற முறை

எங்கள் வாய்க்காலில் ஒரு சாவு விழுந்தால் அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. பதினோராம் வீட்டுக் கந்தப்பு அண்ணை சைக்கிளை எடுப்பார். எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலாம் வீட்டிலிருந்துதான் தொடங்குவார். பக்கத்து வீட்டுக்காரன் அழுகுரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாலும் முறைப்படி அவனுக்கும் சொல்லப்பட வேண்டும். வேலிப் படலையில் ஒரு காலை ஊன்றி நிற்பார், இறங்கமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார். இன்னார் மோசம் போட்டார், இத்தனை மணிக்கு எடுக்கினம், அவ்வளவுதான். அடுத்த வீடு.

ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்தக் கோபம் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். கலியாணத்துக்குச் சொல்லாததை மன்னித்தவர்கள் உண்டு. சாவுக்குச் சொல்லாததை மன்னித்தவர் எங்கள் வாய்க்காலில் ஒருவரும் இல்லை. எனக்கு ஒன்பதாம் வீட்டைத் தெரியும், எட்டாம் வீட்டுக்காரரோடு அவர்கள் கதைப்பதை நிறுத்தியது இந்த விஷயத்தில்தான்.

எங்கள் படலையில் சொல்லி முடித்ததும் கந்தப்பு அண்ணை சைக்கிளைத் திருப்புவார். அந்த இடத்தில் வழி ஒடுக்கம். கால் ஊன்றி, முன்சில்லைத் தூக்கித் திருப்பவேண்டும். திருப்பும்போது அவர் முகம் ஒரு கணம் அந்த ஏழு குடில்களையும் நேரே பார்க்கும். பிறகு வந்த வழியே போய்விடுவார்.

குடில்களில் இருந்தவர்கள் எங்கள் முற்றத்தைப் பார்த்தே விஷயத்தை அறிந்துகொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் ராமையா கோடாலியோடு கிளம்புவார், பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர். சிதைக்கு விறகு தறிப்பது அவர்கள் வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அது அப்படியே ஆகிவிட்டது.

அப்பா போனபோது எனக்குப் பதினேழு வயது. மாரி காலம், காய்ந்த விறகு கிடையாது. ராமையா காட்டுக்குள் வெகுதூரம் போய்ப் பட்ட பாலை மரமொன்றைத் தறித்துத் தோளில் கொண்டுவந்தார். எல்லாம் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, அவருக்குச் சோறு கிணற்றடியில் வைக்கப்பட்டது. வைத்தது நான். அவர் கைகளில் கொப்புளம் உடைந்திருந்தது. சோற்றைப் பிசையாமல் விரல் நுனியால் எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்.

அந்த மனிதரின் வீடு இருந்த இடத்தைத்தான் நான் காடு என்று எழுதினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

வாய்க்கால் கொழும்புக்கு வந்தது

அது எப்படி நடந்தது என்று சொல்லவேண்டும். சாட்டுப்போக்குச் சொல்வதற்காக அல்ல.

சண்டைக் காலத்தில் ஐந்தாம் வாய்க்கால் பல தடவை இடம்பெயர்ந்தது. கடைசியில் வீடுகள் போயின, கூரைகள் போயின. எங்களில் பலர் வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் வந்து சேர்ந்தோம், இன்னும் பலர் வெளிநாடுகளுக்குப் போனார்கள். ஆனால் சாவு சொல்கிற முறை மட்டும் விடவில்லை. சைக்கிளுக்குப் பதில் தொலைபேசி. முதலாம் வீட்டார் இரண்டாம் வீட்டாருக்குச் சொல்வார்கள், அவர்கள் மூன்றாம் வீட்டாருக்கு. டொரொண்டோ, லண்டன், தெஹிவளை என்று சுற்றினாலும் ஒழுங்கு அதே வாய்க்கால் ஒழுங்குதான். எனக்குச் சொல்வது இருபத்து மூன்றாம் வீட்டுத் தேவி. கேட்டுவிட்டு நான் தொலைபேசியை வைப்பேன். எனக்குப் பிறகு சொல்ல ஒருவரும் இல்லை. முப்பது வருடப் பழக்கம்.

மலர் போடலாம் என்று சங்கம் தீர்மானித்தபோது ஊரின் பழைய ஆவணம் ஒன்றும் எங்களிடம் இல்லை. எல்லாம் பயணத்தில் தொலைந்தவை. முழுதாக இருந்தது என் கொப்பியில் இருந்த சாவு சொல்கிற பட்டியல் ஒன்றுதான். ஒன்று முதல் இருபத்து நான்கு வரை, தலைக்கட்டுப் பெயர்களோடு. அதை விரித்து வைத்துக்கொண்டு ஊர் வரலாறு எழுதினேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்புக் கோடு போட்டவள், தன்னுடைய கட்டுரையில் ஏழு குடும்பம் குறைவதைக் காணவில்லை. பட்டியலில் இல்லாதது ஊரில் இல்லை என்று எனக்குப் பட்டது. அந்தப் பட்டியல் என் வீட்டோடு முடிந்ததால் ஊரும் என் வீட்டோடு முடிந்தது.

இத்தனைக்கும், இருக்கிற இடத்தில் இருக்கிறோம் என்று நிரூபிக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் ஒரு அறையில் இருந்தேன். எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம். எனக்காகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். கீழே புத்தகக் கடை வைத்திருந்த ஹாஜியார் வந்து, "மே டீச்சர்வ மம ஹொந்தட தன்னவா" என்று சிங்களத்தில் சொல்லி ஒப்பம் வைத்தார். இந்த டீச்சரை எனக்கு நல்லாகத் தெரியும் என்று. அவருக்கு என்னை மூன்று மாதமாகத்தான் தெரியும், அதுவும் சிவப்பு மை வாங்குகிற ஆளாக.

ராமையா குடும்பத்தை எனக்கு அறுபது வருடமாகத் தெரியும்.

தெஹிவளையில் ஒரு பின்னேரம்

பழைய குடியேறிகள் யாராவது எழுதித் தந்தால் விசாரணைக்கு உதவும் என்று முருகையாவுக்கு அங்கே ஒருவர் சொல்லியிருந்தார். ஒருவருக்கு இருவர் என்றால் நல்லதென்று பவளத்தையும் கூட்டிக்கொண்டு தெஹிவளைக்குப் போனேன். கந்தப்பு அண்ணை மகளோடு இருக்கிறார். தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது. ஜன்னலோரக் கதிரையில் இருந்து கீழே போகிற ரயில்களை எண்ணுவதுதான் வேலை.

நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் ஏன் எப்பவும் எங்கடை வீட்டோடை சைக்கிளைத் திருப்பினீங்கள்?"

"எனக்குச் சொல்லித் தந்தது இருபத்து நாலு வீடு, பிள்ளை."

"அங்காலை ஏழு குடும்பம் இருந்தது உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். ஆர் இல்லையெண்டது? நல்லதுக்குத்தான் சொல்லவேணும். கெட்டதுக்குக் கேள்விப்பட்டால் வாறதுதானே. அவை வராமல் விட்டவையே?"

பவளம் அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"வந்தோமுங்க ஐயா. கோடாலியோட வந்தோம்" என்றாள்.

கந்தப்பு அண்ணை அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு ரயில் போனது. அவர் எண்ணவில்லை.

"நீ ராமையான்ரை மகளே?"

"ஆமாங்க."

"உங்கடை வீட்டடியிலை திருப்பேக்கை என்ரை சைக்கிள் செயின் எப்பவும் கழரும். கொப்பர் ராமையாதான் வந்து பூட்டித் தாறவர்." செயினை மாட்டுவதுபோல விரல்களை அசைத்தார். "பூட்டிப்போட்டு, செத்தது ஆர் ஐயா எண்டு கேப்பார். நான் சொல்லுவன். அது சொன்னதெண்டு கணக்கில்லைத்தான்."

ஒப்பம் வைப்பீர்களா என்று கேட்டேன். அவர் வலக்கையை நீட்டிக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அது சாட்டும்தான், உண்மையும்தான். நான் வற்புறுத்தவில்லை. படியிறங்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எழுதினது நீ, பிள்ளை. திருத்த வேண்டியதும் நீதான். சங்கத்துக்காரர் கோவிப்பினம். கோவிக்கட்டும்."

சத்தியக் கடதாசி

புத்தகக் கடை ஹாஜியார் இப்போது சமாதான நீதவான், சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தி முத்திரை குத்துகிறவர். கடையை மகன் பார்க்கிறார், இவர் உள்ளறையில் முத்திரைக் கட்டையோடு இருக்கிறார். என் சத்தியக் கடதாசியை நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன். 'மேற்படி மலரில் ஏழு குடும்பங்களின் விபரம் தவறுதலாக விடுபட்டுவிட்டது' என்று தொடங்கியிருந்தேன். ஆசிரியத் தமிழ், ஒரு குறை சொல்ல முடியாது.

ஹாஜியார் இரண்டு தடவை வாசித்தார்.

"டீச்சர், நீங்க சத்தியம் பண்ணித் தாறீங்க. அதுனால கேக்குறேன். இந்த ஆக்கள் இருந்தது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப தவறுதலா விடுபட்டதுண்டு போடலாமா?"

பவளம் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த மைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒரு நல்ல காரியம் செய்கிற பெருமையோடுதான் அந்தக் கடைக்குள் நான் நுழைந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெருமை அந்த ஒரு கேள்வியில் இறங்கிவிட்டது.

வேறு தாள் வாங்கி அங்கேயே இருந்து எழுதினேன். 'இவர்கள் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் விட்டேன். நாங்கள் ஐந்தாம் வாய்க்காலுக்கு வந்தபோது இவர்கள் அங்கே இருந்தார்கள். எங்கள் இருபத்து நான்கு காணிகளின் காட்டையும் வெட்டியவர்கள் இவர்களே. முருகையாவின் காணி காடாக இருந்ததில்லை. அங்கே அடுப்பு எரிந்தது. அந்த அடுப்பில் சுட்ட ரொட்டியை நான் சாப்பிட்டிருக்கிறேன். என் தந்தையின் சிதைக்கு விறகு தறித்தவர் முருகையாவின் தந்தை ராமையா.'

"இப்டி எழுதினா மரியாதக் கொறைவு ஒங்களுக்குத்தான்" என்றார் ஹாஜியார்.

"ஓம். போடுங்கோ."

முத்திரை குத்தினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். வெளியே வந்து காலி வீதியின் நடைபாதையில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சீலைக் கடைக்கு முன்னால், சனங்களுக்கு நடுவில், எழுபதை நெருங்குகிற ஒருத்தி நின்று அழுதேன். பவளம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கல்லு பட்ட அன்னிக்கும் இப்படித்தான் டீச்சர். ரத்தம் எனக்கு, அழுதது நீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்படியிருந்தும் அது பட வேண்டிய இடத்தில் பட்டது. இந்த முறை குறி தப்பவில்லை. பிறகு பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். முதல் நாள் என் வீட்டிலிருந்து அவள் பிளேன்ரீ குடிக்காமலே போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைசி வீடு

வியாழக்கிழமை கச்சேரி நடந்தது. என் கடதாசியை எல்லோருக்கும் கேட்க வாசித்தார்களாம். அந்த ரொட்டி இடத்தில் வாசித்தவர் கொஞ்சம் நிறுத்தினாராம். அடுத்த வாரம் ஒரு உத்தியோகத்தர் நேரில் வந்து கிணற்றையும், ராமையா நட்ட புளியமரத்தையும் பார்த்துவிட்டுப் போனார். முருகையாவின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. பெர்மிட் கைக்கு வரவில்லை. வரும் என்கிறார்கள். அரசாங்கக் காகிதம் எங்கள் வாய்க்கால் தண்ணீரைப் போல, கடைசிக் காணிக்கு மெதுவாகத்தான் வரும்.

சங்கத்திலிருந்து எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஊரின் மானத்தை வாங்கிவிட்டேனாம். அது வாங்கவேண்டிய மானம்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன மாதம் ஒருநாள் காலை, தேவி தொலைபேசியில் அழைத்தாள். குரலிலேயே தெரிந்தது.

"அக்கா, கந்தப்பு அண்ணை மோசம் போட்டார். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கினம். கல்கிசை மயானம்."

சரி என்று தொலைபேசியை வைத்தேன். ஊருக்கெல்லாம் சாவு சொன்ன மனிதரின் சாவு முறைப்படி இருபத்து நான்கு வீட்டுக்கும் வந்து முடிந்துவிட்டது. எழுந்து ஜன்னலடிக்குப் போனேன். அவர் முன்சில்லைத் தூக்கித் திருப்புகிற அந்த இடம் கண்ணுக்குள் வந்தது.

திரும்பி வந்து தொலைபேசியை எடுத்தேன்.

"பவளம், நான் இருபத்து நாலாம் வீட்டிலையிருந்து கதைக்கிறன். பதினோராம் வீட்டுக் கந்தப்பு அண்ணை மோசம் போட்டார். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கினம்."

கொட்டாஞ்சேனைத் தெருவில் ஒரு ஓட்டோ போகிற ஓசை மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எங்களுக்குச் சொல்றீங்களாக்கா?"

"ஓம். சொல்லுறன்."

"சரிக்கா" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "அப்ப நான் வச்சிர்றேன். அண்ணனுக்குச் சொல்லணும். அதுக்கு அங்கிட்டு இன்னும் ஆறு வீடு இருக்கு."